நீ சொன்ன ‘அனுப்பியாச்சு’

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் கிருபையில் நாங்கள் சுகம், உன் சுகத்துக்கும் தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில் சொல்ல நா எழவில்லை, அதனால்தான் கடிதம்.

இங்கே சுகாதார நிலையத்தில் சண்டை நடந்த அன்று இருந்தது நான், உன் அப்பா, சித்தி, எதிர்வீட்டுத் தையல்காரர், கைக்குழந்தையோடு அவர் மருமகள், பிறகு நர்சம்மா. பேச்சைத் தொடங்கியது நான்தான். தடுப்பூசி எப்போது வரும் என்று கேட்டதற்கு நீ அனுப்பியாச்சும்மா என்றாய் அல்லவா, மத்திய சுகாதாரத் துறையில் இருப்பவள் சொன்னால் மருந்துதான் என்று எடுத்துக்கொண்டேன். இங்கே மாநில அமைச்சர் ஒரு குப்பிகூட வரவில்லை என்கிறார், உங்கள் அமைச்சர் கேட்டதெல்லாம் கொடுத்தாயிற்று என்கிறார், மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு சாவியை முடிந்துகொண்டு சமையலறையைப் பூட்டிப்போட்ட வீடு மாதிரி இருக்கிறது, பட்டினி நமக்கு. நர்சம்மா இன்னும் வரலம்மா என்றாள். எம் பொண்ணே அனுப்பியாச்சுங்கிறா, நீங்க எங்க வச்சிருக்கீங்க என்று கேட்டுவிட்டேன். உடனே தையல்காரர், ஏன், சொந்தக்காரங்களுக்கு எடுத்து வச்சாச்சா என்று பிடித்துக்கொண்டார், சித்தி பிரிட்ஜைத் திற என்றாள். நர்சம்மா திறந்தாள். காலி மருந்துத் தட்டுகளும் அவளுடைய சாப்பாட்டு டப்பாவும்தான். மருந்து வைக்கிற இடத்தில் சோறா என்று தையல்காரர் படம் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார். மேலதிகாரிகளுக்கும் வசதியாகப் போயிற்று, இல்லாத மருந்தைப் பற்றிப் பேசவேண்டாம், டப்பாவைப் பற்றிப் பேசலாம். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், அடுத்த மாதம் விசாரணை.

போன வாரம் பேசும்போதுதான் நீ, போனது மருந்து இல்ல, பைலும்மா, மேல கையெழுத்தாகணும் என்றாய். வீட்டுக்கணக்கில் சில்லறை இடித்தாலும் மறுபடி கூட்டிப் பார்ப்பவள், ஒரு வார்த்தையை என்ன ஏது என்று கேட்காமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் நர்சம்மா முகம்தான் வருகிறது. வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். பொண்ணு சொன்னா எந்த அம்மாதான் நம்பமாட்டா, விடுங்கம்மா என்று தண்ணீர் கொடுத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

விசாரணைக்குப் போய், சண்டைக்குக் காரணம் நான் தப்பாகப் புரிந்துகொண்டதுதான் என்று சொல்லப் போகிறேன். யார் சொன்னது என்று நிச்சயம் கேட்பார்கள். ஆபீஸ் விஷயத்தை வீட்டில் பேசினாள் என்று பொண்ணு வேலைக்கு உலை வைத்துவிடாதே என்கிறார் அப்பா. உன்னைச் சொல்லாமல் இருந்தால் கிழவி கதை கட்டுகிறாள் என்பார்கள், சொன்னால் உனக்கு என்ன ஆகுமோ தெரியவில்லை. போகாமல் இருக்க மட்டும் என்னால் ஆகாது. நேரத்துக்குச் சாப்பிடு, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. கடவுள் உன்னைக் கைவிடமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா

உன் பேரைச் சொல்லலாமா, கூடாதா என்று சீக்கிரம் பதில் போடு.