மாலை மாட்டிய வண்டி

திங்கள்

காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். ஊரடங்கு. திண்டிவனத்தில் கோயில் மூடல், கல்யாணம் இல்லை, என் பூக்கடைக்கும் பூட்டு. சாவு மாலை மட்டும் வீட்டில் கட்டிக் கொடுக்கிறேன். இன்று ஒன்று. வண்டி முன்னால் மாட்டிக்கொண்டு போனேன். தடுப்பில் போலீஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாவுக்குப் போகிறவனை யார் நிறுத்துவார்கள்? முகத்தில் காற்று. எத்தனை நாள் ஆச்சு!

செவ்வாய்

ஆர்டர் இல்லை. வீட்டில் கால் நிற்கவில்லை. "ஊரே அடங்கிக் கெடக்குது, உனக்கு மட்டும் இன்னா பேஜாரு?" என்றாள் என் பெண்டாட்டி மல்லிகா. பால், அரிசி எல்லாம் இருக்கிறது. வெளியே போகணும், அவ்வளவுதான். ஒரு மாலை கட்டினேன். அவளிடம் ஆர்டர் என்று பொய்.

தடுப்பில் வேறு போலீஸ்காரர். "யாருப்பா தவறுனது?"

எதிர்பார்க்கவில்லை. "மயிலத்துல எங்க பெரியப்பா, சார்." எப்படித்தான் வாய் வந்ததோ!

"கூட்டம் சேக்காம மூஞ்சியப் பாத்துட்டு ஜல்தி திரும்பு." தடுப்பை அவரே நகர்த்தினார்.

பக்கத்தில் ஒரு பால் வண்டி. டிரைவர், விழுப்புரத்தில் என் அத்தை தெருக்காரர். பிறகுதான் கவனித்தேன்.

கூட்டேரிப்பட்டு வரை போனேன். பாதி ஷட்டர் போட்ட கடையில் டீ, பஜ்ஜி. நல்ல ருசி. சாவு மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. ஏரியில் போட்டேன்.

சாயங்காலம் அத்தையின் போன். பெரியப்பாவின் தங்கை. டிரைவர் சொல்லிவிட்டார் என்று புரிந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். நானெல்லாம் ஒரு மனுஷன்.

புதன்

மேகமூட்டம். மதியம் மறுபடி அத்தை. எடுத்தேன்.

மயிலத்திலிருந்து பேசுகிறாள். சர்க்கரைக்காரி, கொரோனா வந்ததிலிருந்து வாசலைத் தாண்டாதவள். அண்ணனுக்குக் கோடி வேட்டியோடு, கெஞ்சிக் கூத்தாடி காய்கறி வண்டியில் ஏறி வந்து, தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு அழுதாளாம். பெரியப்பா உள்ளே கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா போனபின் தனியாள். அவர் போனில் ரீசார்ஜ் இல்லை, கூப்பிட்டாலும் போகாது. இவளால் கேட்கவும் முடியவில்லை. நான் எடுத்திருந்தால் கிளம்பியே இருக்கமாட்டாள். அவளுக்கு ஏதாவது ஆனால்?

பெரியப்பா போனை வாங்கினார். திட்டுவார் என்று நின்றேன்.

"நேத்து எங்கடா போன?"

"கூட்டேரிப்பட்டுக்கு, பெரியப்பா. டீ குடிக்க."

சொல்லும்போதே கூசிப்போனேன்.

"அங்கேர்ந்து பக்கந்தானடா. வந்திருந்தா வாசல்ல நின்னாவது உன் மூஞ்சியப் பாத்திருப்பேன்."