அடிக்குறிப்பில் அண்ணன்

அம்மாவுக்கு பகலவன் எழுதறது. டெல்லியில குளிரு ஜாஸ்தி, ஆனா நல்லா இருக்கேன். உனக்கு முட்டி வலி கம்மியாச்சா?

கெணறு வெட்டுற கூலியாளுங்களைப் பத்தி ஆய்வு எழுதறேன் இல்ல, அதுல அண்ணன் செத்ததையும் எழுதினேன். பெருசா ஒண்ணும் இல்லம்மா, பேராசிரியர் அந்தப் பத்தியை மட்டும் அடிச்சிட்டாரு. குடிச்சிட்டு கெணத்துல விழுந்தான்னு பேப்பர்ல வந்ததுக்குத் தேதி, பக்கம் எல்லாம் இருக்குதாம். கயிறு அறுந்துதான் விழுந்தான்னு நீ சொல்றதுக்கு இன்னா ஆதாரம்னு கேக்கறாரு.

நீ சொல்றதைப் பதிவு பண்ணியிருந்தா அடிக்குறிப்புல உன் பேரோட போடலாமாம். ஊருக்கு வந்தப்போ பதிவு பண்ணதைத் திரும்பக் கேட்டேன். முழுக்க நீ அழுதுகினு இருக்கே. ஒரு வார்த்தைகூட எடுத்து எழுத முடியல.

வறுத்த மல்லாட்டை கொஞ்சம் அனுப்பு, இங்க விக்கற வேர்க்கடலையில அந்த ருசி இல்ல. லைப்ரரி மூடறாங்க, கெளம்பறேன்.

ஞாயித்துக்கிழமை போன் பண்றேன். தேதியும் உன் பேரும் சொல்லி ஆரம்பி. இந்த ஒரு தடவை மட்டும் அழாம சொல்லும்மா.

பகலவன்