கதவின் உட்புறம்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து இழைப்புதான். தோள்பட்டை கழன்று விழுந்துவிடும் போலிருக்கிறது.

பழைய சிறைச்சாலையை இடித்தபோது அருங்காட்சியகம் எடுத்து வைத்த சாமான்களில் சிற்பக் கண்காட்சிக்கென்று என் பங்குக்கு வந்தவை நசுங்கிய தட்டுகள், ஒரு கூடை பூட்டுகள், ஜன்னல் கம்பிகள், இந்த ஒற்றைக் கதவு. தட்டுகள் பறவைக் கூட்டமாகிவிட்டன. பூட்டுகளைக் கோத்து மழை செய்தாயிற்று. கதவுதான் மிச்சம். கூடத்தின் நடுவில் நிற்கப்போவதும் இதுதான்.

வெளிப்பக்கம் பதினேழு என்று எண் பொறித்த தகடு. அதைத் தொடவில்லை. உள்பக்கம் படுமோசம். பிசுக்கு, கறை, யாரோ எதையோ சுரண்டிய வடு. இழைப்புளி ஓரத்தில் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கியது. பிறகு உப்புத்தாள். அழுக்குக்குக் கீழே மரம் தேன் நிறத்தில் இருக்கிறது! சுருளையும் தூளையும் சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுத்தேன்.

இன்றைக்கு நல்ல நாள்.

மார்ச் 9, ஞாயிறு

அருங்காட்சியகப் பொறுப்பாளர் பட்டறைக்கு வந்தார். கதவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “மேடம், இது கதவா, டைனிங் டேபிளா?” என்றார். கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். நான்கு கால் அடித்தால் சாப்பிட உட்காரலாம்.

அவர் போனதும் ஆணியையும் சின்ன உளியையும் எடுத்தேன். பக்கம் முழுக்கக் கோடு. நெட்டுக்கோடு, சாய்வுக்கோடு, கோபமாக, சலிப்பாக. சிலவற்றை மறுபக்கம் வரை துளைத்துவிட்டேன். பின்னால் விளக்கை வைத்ததும் கதவே மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. ஓரம் காலியாகத் தெரிந்தது. அங்கே கீழே ஒன்றன்மேல் ஒன்றாகச் சில குறுக்குக்கோடுகள். சும்மாதான். மேலே கறுப்புச் சாயத்தைத் தேய்த்துத் துடைத்ததும் ஐம்பது வருஷம் ஏறிவிட்டது.

வீட்டுக்காரர் சாப்பாடு கொண்டுவந்தவர் கதவைத் தடவிப் பார்த்தார். “நம்ம தொழிலுக்கே வந்துட்டியா?” என்றார். அவர் பல் செட் செய்கிறவர். இரண்டு பேரும் சிரித்தோம்.

மார்ச் 15, சனி

திறப்பு. கூட்டம். கதவின் முன்னால் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

பொறுப்பாளர் எழுதிய பலகை: “கைதிகள் விட்டுச்சென்ற கீறல்களுடன் கலைஞர் நடத்தும் உரையாடல்.” போன வாரமே எனக்குக் காட்டினார். அழகாக இருக்கிறது என்றேன். ஒரு கணம் உறுத்தியது. ஒரே ஒரு கணம். கலையில் எது நிஜம், எது இல்லை என்று என்னவோ யோசித்து அதைத் தட்டிவிட்டேன்.

மார்ச் 18, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும். கை வரவில்லை.

பத்திரிகைப் புகைப்படக்காரருக்காகக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஓர் அம்மா வந்தார். எழுபதை ஒட்டிய வயது, குட்டை உருவம், தோளில் துணிப்பை. மற்ற எதையும் பார்க்கவில்லை. நேராகக் கதவுக்குப் போய், வெளிப்பக்கத் தகட்டைத் தடவிப் பார்த்து, “பதினேழு” என்றார். பிறகு உள்பக்கம் வந்து தரையிலேயே உட்கார்ந்து, விரலால் கீழிருந்து தேட ஆரம்பித்தார். காவலர் தடுக்க வந்தார். நான்தான் விடச் சொன்னேன்.

“எங்க அப்பா இந்த ரூம்லதாம்மா இருந்தாரு” என்றார். “ஆலையில ஸ்ட்ரைக்கு. நோட்டீஸ் அடிச்சாருன்னு உள்ள போட்டாங்க. அம்மா என்னைக் கூட்டிட்டுப் போவாங்க. நடுவுல கம்பிவலை, தொட முடியாது. நான் இந்தப் பக்கம் நிமிர்ந்து நிப்பேன், அவரு அந்தப் பக்கம். என் தலை அவரு சட்டையில எந்தப் பட்டன் வரைக்கும் வருதுன்னு பாப்பாரு. ரூமுக்குப் போனதும் கதவுல சாஞ்சு நின்னு அந்தப் பட்டன் உயரத்துக்கு ஒரு கோடு போடுவாராம், ஸ்பூன் காம்பால. மகள் வளர்றா, மகள் வளர்றான்னு. வெளிய வந்தப்புறம் சாகற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு.”

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவரின் விரல் ஓரத்துக் குறுக்குக்கோடுகளில் நின்றது.

என் கோடுகளில்.

“இருக்கு!” என்றார். எழுந்து, கதவில் முதுகை ஒட்டிவைத்து நின்று, உள்ளங்கையைத் தன் இடுப்புக்குப் பக்கத்தில், மேல் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். “இவ்ளோ குட்டியாவா இருந்தேன்!” சிரித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. புகைப்படக்காரர் எடுத்துத் தள்ளினார்.

அப்புறம் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “அழிக்காம வெச்சிருந்தீங்களே. நல்லா இருக்கணும்மா நீங்க.”

பரவாயில்லம்மா, என்றேன்.

பரவாயில்லம்மா! அதுதான் என் வாயிலிருந்து வந்த வார்த்தை.

மார்ச் 20, வியாழன்

பேப்பரில் படம். பாதிப் பக்கம். அந்த அம்மா கதவில் சாய்ந்து சிரிக்கிறார். ஓரத்தில், மங்கலாக, தலையைக் குனிந்தபடி நான். அடக்கமான கலைஞராம்.

அக்கா போன் செய்து அழுதாள். “நீ என்ன பண்றேன்னு இத்தனை வருஷமா எனக்குப் புரிஞ்சதே இல்லடி. இன்னிக்குத்தான் புரிஞ்சுது.” தேங்க்ஸ்க்கா என்றேன்.

மார்ச் 21, வெள்ளி

இந்த நாட்குறிப்பில் நாலாம் தேதி எழுதியதை எடுத்துப் பார்த்தேன். “யாரோ எதையோ சுரண்டிய வடு.” ஒரு மனிதன் தன் மகளை வளர்த்த இடத்துக்கு நான் கொடுத்தது இவ்வளவுதான். அடுத்த வரிகளில் மரத்தின் தேன் நிறம் பெற்ற பாராட்டுகூட அதற்கு இல்லை.

மார்ச் 22, சனி

வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஒரு கடைவாய்ப்பல்லை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கீழே வைத்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“நான் செய்யறதும் பொய்ப் பல்லுதான்” என்றார் கடைசியில். “ஆனா போட்டுக்கிறவருக்கு அது பொய்ப் பல்லுன்னு தெரியும்ல?”

மார்ச் 24, திங்கள்

பொறுப்பாளரிடம் போனேன். அவருக்குப் பாதி தெரியும். பட்டறையில் கதவை வழவழப்பாகப் பார்த்தவர்தானே. ஆனால் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இருவருக்கும் வசதி.

இழைப்பதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டேன். கணினியில் தேடினார். எல்லாமே வெளிப்பக்கம். தகடு, தாழ்ப்பாள், கீல். உள்பக்கத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

“மேடம், நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த அம்மா எவ்வளவு சந்தோஷமாப் போனாங்க! இப்போ போய்ச் சொன்னா அவங்களுக்கு என்ன லாபம்? உங்க மனசு லேசாகும். அவங்க மனசு?”

எழுந்து வெளியே வந்தேன். படி இறங்கும்போதுதான் உறைத்தது: ஆறு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்ததும் இதையேதான். அந்த அம்மாவுக்காக, அந்த அம்மாவுக்காக என்று. யாருக்காக என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 26, புதன்

வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்குக் கதவைக் கேட்கிறார்களாம். அந்த அம்மாவையும் அழைத்துக்கொண்டு வர முடியுமா என்று கேட்கிறார்கள்.

போதும்.

மார்ச் 29, சனி

அந்த அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

அடுக்குமாடியில் இரண்டாவது தளம். கதவைத் திறந்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “வாங்கம்மா, வாங்க, வீடு தேடி வந்திருக்கீங்க!” பேப்பர் படத்தை வெட்டி ஃப்ரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தார். அடுப்பில் பால். உட்காரவே இல்லை நான். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

சொன்னேன். அங்கே கீறல்கள் இருந்தன, நான் இழைத்துவிட்டேன், இப்போது இருப்பதெல்லாம் நான் போட்டது.

அடுப்பை அணைத்தார். “அப்போ நான் சாஞ்சு நின்னது?”

“அதுவும் நான் போட்டதும்மா.”

“எதுக்கு?”

“ஓரம் காலியா இருந்துச்சு.”

இதை எழுதும்போது காது எரிகிறது. வேறு காரணம் எதுவும் இருக்கவில்லை. சொல்லிக்கொள்ள ஒரு கெட்ட எண்ணமாவது இருந்திருக்கலாம்.

அவர் பால் பாத்திரத்தை மூடிவைத்தார். அப்புறம், “இழைக்கறப்போ பாத்தியா?” என்றார். இதுவரை நீங்க, வாங்க. இப்போது நீ. அது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

“பாத்தேன்மா.”

“எங்க அப்பா போயாச்சு. கூட இருந்தவங்களும் போயாச்சு. நான் அந்த ரூமுக்குள்ள போனதே இல்ல. அப்போ அதக் கண்ணால பாத்தவங்கன்னு இப்போ இருக்கறது நீ ஒருத்திதான்.” என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ச் சமையலறைக் கதவின் முன்னால் நிறுத்தினார். “காட்டு. எங்க இருந்துச்சு? எத்தனை இருந்துச்சு?”

கை தூக்கினேன். அந்தக் கை எங்கே வைத்தாலும் அவர் நம்பியிருப்பார். தொடை உயரத்தில் ஒன்று, கொஞ்சம் மேலே ஒன்று, இடுப்பில் ஒன்று. பென்சில் கொண்டுவந்து அந்த இடத்திலேயே குறித்து வைத்துக்கொண்டிருப்பார். ஒரு நிமிஷத்தில் அப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். என் கைக்குத்தான் அது நன்றாக வருமே.

“ஒண்ணுதான்மா நிச்சயமா ஞாபகம் இருக்கு” என்றேன். “தாழ்ப்பாள் பக்கத்து ஓரம். ஆழமா இருந்துச்சு, இழைப்புளி அதுல சிக்கிச்சு. இதோ, என் இடுப்புக்குக் கொஞ்சம் மேல. அதுக்குக் கீழயும் இருந்துச்சு. எத்தனைன்னு தெரியல.”

“மூணா? நாலா?”

“தெரியலம்மா.”

“யோசிச்சுச் சொல்லு.”

“யோசிச்சுட்டேன். சரியாப் பாக்கலம்மா. நான் பாக்கவே இல்ல.”

என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தார்.  “ஆழமா இருந்துச்சுன்னா அது கடைசிக் கோடு” என்றார், என்னிடம் இல்லை. “அதுக்கப்புறம்தான் விட்டாங்க.”

பிறகு வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “கிளம்பு.”

படியில் இறங்கி வந்தேன். மனசு லேசாகும் என்றாரே பொறுப்பாளர். ஆகவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

கதவை எடுத்துவிடச் சொன்னேன். நிர்வாகக் குழு கூடிப் பேசுமாம். அதுவரை விளக்கை மட்டும் அணைத்திருக்கிறார்கள். பழுது என்று அட்டை தொங்குகிறதாம்! எனக்கும் ஓர் அட்டை தொங்கவிடலாம்.

ஏப்ரல் 12, சனி

நடந்ததைப் பத்திரிகைக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்த முறை படம் இல்லை. பேப்பரின் உள்பக்கத்தில் நான்கு வரி. வெளிநாட்டிலிருந்து பதில் வருவது நின்றுவிட்டது. கூடப் படித்த சிற்பி ஒருவன் கூப்பிட்டு, “எல்லாரும் பண்றதுதானே, தண்டோரா போடணுமா?” என்றான். அக்கா கூப்பிடவில்லை.

வீட்டுக்காரர் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். குடித்தேன்.

ஏப்ரல் 19, சனி

பொறுப்பாளரிடமிருந்து போன். அந்த அம்மா அருங்காட்சியகத்துக்கே நேரில் போயிருக்கிறார். கதவை எடுக்கக் கூடாதாம். “அது எங்க அப்பா ரூம் கதவு. அதத் தூக்கி உள்ள போட்டுட்டா நடந்ததும் மறைஞ்சு போயிடும். அங்கயே நிக்கட்டும். என்ன பண்ணாங்கன்னு எழுதி வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

குழு ஒத்துக்கொண்டது. பொறுப்பாளர் ஒரு வாசகம் எழுதி அனுப்பினார்: “கலைப்பணியின்போது மேற்பரப்பு மாற்றியமைக்கப்பட்டது.” திருப்பி அனுப்பிவிட்டேன். நானே எழுதுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

நான்கு நாளாக நான்கு வரி. முதலில் எழுதியதில் வருத்தம், மன்னிப்பு, வேதனை எல்லாம் இருந்தது. வாசித்தால் என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்லத் தோன்றியது. கிழித்தேன். கடைசியில் நின்றது இதுதான்:

“இந்தக் கதவின் உட்புறத்தில், இங்கே அடைபட்டிருந்த ஒருவர் தம் மகளின் உயரத்தைக் கோடுகளாகக் கீறி வைத்திருந்தார். அவற்றை நான் சரியாகப் பார்க்காமல் இழைத்து அழித்தேன். இப்போது தெரியும் கோடுகள் என்னுடையவை.”

கீழே என் பெயர்.

மே 6, செவ்வாய்

புதுப் பலகை வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மத்தியானம் போனேன். விளக்கு இல்லாமல் கதவு வெறும் கதவாக நின்றது. இளம் ஜோடி ஒன்று பலகையைப் படித்துவிட்டு, “ச்சே!” என்று நகர்ந்தது. தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பிறகு, எதற்கு ஒளிய வேண்டும் என்று முன்னால் வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

அப்போது அந்த அம்மா வந்தார். என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கதவைத் தொடவும் இல்லை. பலகையின் முன்னால் போய் நின்று, கண்ணைச் சுருக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய், ஒவ்வொரு சொல்லாக உதடு அசையப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

நான் எழுந்து நின்றேன். 

போகிற போக்கில் என் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்றார்.

“எழுத்து பொடிசா இருக்கு” என்றார். “வயசானவங்க படிக்க வேணாமா? பெருசாப் போடச் சொல்லு.”

போய்விட்டார். நான் பொறுப்பாளர் அறைக்குப் போனேன்.