கிருண்டிக்கு ஒரு வரி, கின்யார்வாண்டாவுக்கு ஒரு வரி

ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் நிற்கும் பெண் போனில் "எகோ, எகோ" என்கிறாள். புருண்டிக்காரி; பேசுவது கிருண்டி. ருவாண்டாக்காரி என்றால் கின்யார்வாண்டாவில் "யெகோ" என்றிருப்பாள். இரண்டுக்கும் பொருள் "ஓம், ஆமாம்"தான். உன்னிடம் சொல்லத் திரும்பிவிட்டேன், பார். நீ இல்லாமல் போய் எட்டு மாதமாகிறது.

பேச்சை மொழிபெயர்க்கும் உரைபெயர்ப்பாளர்களை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் நம் அலுவலகத்தில் மதுரைக்காரி நீயும் யாழ்ப்பாணத்தாள் நானும் பக்கத்துப் பக்கத்து மேசை. நடு ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் எது தனிமொழி, எது வட்டார வழக்கு என்று நீ பிரித்துத் தருவாய். நான் கணினிப் பட்டியலில் ஏற்றுவேன். எந்த வரியோ, அந்த மொழிக்காரரைத்தான் அனுப்புவார்கள். முதல் வாரமே சுவாகிலிக்கு ஒரு வரி, கிசுவாகிலிக்கு இன்னொரு வரி போட்டு வைத்தேன். நீ மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தாய்.

"அடிப்பாவி, முன்னாடி வர்ற 'கி'தான் அது மொழின்னு சொல்லுது. ரெண்டும் ஒண்ணுதாண்டி!"

சரி, சேர்ப்பதுதான் கெட்டித்தனம் என்று நினைத்து, கிருண்டியையும் கின்யார்வாண்டாவையும் ஒன்றாக்கினேன். ஒருவர் கதைப்பது மற்றவருக்கு விளங்குமே! நீ ஒப்பவில்லை. "நீ என்ன பெரிய பண்டிதரோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மூன்று நாள் நீ எனக்கு முகம் கொடுக்கவில்லை. நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் தேநீரோடு வந்து உட்கார்ந்தாய்.

"உங்கம்மாவுக்கு ஆஸ்பத்திரில நான்தானே மொழிபெயர்த்தேன். 'நேர்ஸ் எனக்குப் பேசினவ'ன்னு அழுதாங்க. நர்ஸ் பேசுனாங்கன்னு டாக்டர்கிட்ட அப்படியே சொல்லிட்டேன். அவரு 'நல்லது'ன்னு சிரிச்சுட்டுப் போயிட்டாரு. உங்க ஊர்ல பேசுறதுன்னா திட்டுறதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. எல்லாம் தமிழ்தான். ஆனா அன்னைக்கு என் தமிழ் அவங்களுக்கு உதவலடி."

அம்மா இதை என்னிடம் சொல்லவே இல்லை. கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்து, அந்த மொழிகளை மறுபடி இரண்டு வரியாக்கினேன். நீ பார்த்தாய். நீ சொன்னதுதான் சரி என்று நான் சொல்லவில்லை. வீம்பு, வேறென்ன.

நேற்றுப் புது மேலாளர் பட்டியலைப் பார்த்தார். சிங்கப்பூர்த் தமிழர், நல்ல மனிதர்தான். "ரெண்டும் ஒரே மாதிரிதானேக்கா, சேர்த்துடலாமே" என்றார். "ஏலாது" என்று என் தமிழில் சொல்லத்தான் வாயெடுத்தேன். "அதெல்லாம் முடியாதுங்க" என்று உன் தமிழ் வந்தது. அவர் பட்டியலை மூடிவிட்டுப் போனார்.

இரண்டும் இரண்டாகவே இருக்கின்றன. நீ சொன்னது சரியடி. நீ இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.