அந்தப் பலகையில் என்ன போட்டிருந்தது

மார்ச் 3, செவ்வாய்

இதை நான் எழுதவில்லை. வாயால் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. துணி வண்டி டிரைவர் போட்டுக் கொடுத்தது. "பெரியவரே, தலைக்குள்ள மூட்டை மூட்டையா வெச்சிருக்கீங்க, இதுல கொஞ்சம் இறக்கி வைங்க" என்றான். அறுபத்துநாலு வயசு. எனக்குத் தெரிந்த எழுத்து என் கையெழுத்து மட்டும்தான். அதையும் நான் எழுதுவதில்லை, வரைகிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மணி அடிக்கிறவரை துணிக்கிடங்கில் உட்கார்ந்து பேசுகிறேன். நாலு பக்கமும் ஓட்டல் படுக்கை விரிப்பு அடுக்கியிருப்பதால் குரல் வெளியே போகாது. காலையிலிருந்து என் இஸ்திரி உருளையில் இருநூற்றுப் பதினாறு விரிப்பு போயிருக்கிறது. ஒன்றும் கருகவில்லை.

மார்ச் 5, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகிறோம். சலவைக்கூடத்தில் ஒன்பது பேர். எனக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். வாத்தியார் விடவில்லை. "பத்தொன்பது வருஷமா ஜன்னல்ல அந்த மலையைப் பார்த்துக்கிட்டே பல் விளக்குறீங்க. ஒரு தடவை மிதிச்சுத்தான் பாருங்களேன் அண்ணே."

அவன் கட்டில் என் கட்டிலுக்குக் கீழே. பதினோரு வருஷமாக. வந்த முதல் வாரமே தமிழ்ப் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தான், நாங்கள் வாத்தியார் என்று பேர் வைத்துவிட்டோம். ஆபீஸ் தாள், மருந்துச் சீட்டு, விசாக் கடிதம், இந்த ஊர் எழுத்தில் எது வந்தாலும் அவனிடம்தான் போகும். அவன் படித்துச் சொல்லாமல் நான் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. படித்துச் சொன்னபிறகு போடாமல் இருந்ததும் இல்லை.

ஜூனில் என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் ஒரு வருஷம் கொடுப்பார்களா என்பது மேனேஜர் கையில். ஊருக்குப் போனால் மகள் வீட்டில் நான் மாமனார், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிற கிழவன். இங்கே நான் மெஷின்காரன்.

மார்ச் 9, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்லி வைக்கிறேன்.

விடிகாலையில் வேன். அட்டைப்பூச்சி ஏறாது என்று வேலையிடத்துச் சோப்பை எல்லாரும் காலுறையில் தேய்த்துக்கொண்டோம். உட்காருவதற்குக் கிழிந்துபோன ஓட்டல் விரிப்பு நாலு எடுத்துக்கொண்டோம். சூப்பர்வைசர் தொப்பையைத் தடவிக்கொண்டு, "சாப்பாட்டுக்குக் காவல் வேணும்ல" என்று வேனிலேயே இருந்துவிட்டார்.

மலை ஈரமாக இருந்தது. மழை பெய்த ஈரம் இல்லை, உள்ளேயிருந்து கசிகிற ஈரம். வேரெல்லாம் எண்ணெய் தடவினது மாதிரி. ஆள் உயரத்துக்குப் பெரணிச் செடி. செம்மண் சேறு ஷூவைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றது. நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், என் பின்னால் வாத்தியார். மற்றவர்கள் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வழி இரண்டாகப் பிரிந்த இடத்தில் மஞ்சள் பலகை. இந்த ஊர் எழுத்து. "என்ன போட்டிருக்கு வாத்தியாரே?" என்றேன். அவன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். "அருவி இந்தப் பக்கம். அரை மணி நேரம்னு போட்டிருக்குண்ணே." குறுக்கே ஒரு கயிறு கட்டியிருந்தது. அதையும் கேட்டேன். "மாடு கீடு வராம இருக்கக் கட்டியிருப்பாங்க" என்றான். நான் தாண்டினேன். அவன் தாண்டினான். பின்னால் வந்த மற்றவர்கள் எங்களைப் பார்த்துத் தாண்டினார்கள்.

கால் மணி நேரம்கூடப் போயிருக்க மாட்டோம். மழை பிடித்தது. பாதையின் ஓரம் அப்படியே கழன்றுகொண்டு போனது, சத்தமே இல்லாமல். நெட்டையன் அதன் மேல் நின்றிருந்தான்.

மடிப்பு மேஜையில் வேலை செய்கிறவன். போன வருஷம்தான் கல்யாணம். மூங்கில் புதர் தடுத்து நிறுத்தியது. வலது கால் இரண்டு இடத்தில் ஒடிந்திருந்தது. விரிப்பில் கிடத்தி, மூலைக்கு ஒருவராகப் பிடித்து இறக்கினோம். இறங்க மூன்று மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் கத்தினான். பிறகு கத்தாமல் இருந்தான், அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 11, புதன்

ஆபீசில் விசாரணையாம். வாத்தியார் எனக்கு ஒரு தாள் கொண்டுவந்தான். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லண்ணே, நீங்களும் மலைக்கு வந்தீங்க, மழையில மண்ணு சரிஞ்சுது, அவ்வளவுதான். எல்லாரும் தர்றாங்க." முழுசும் படித்துக் காட்டினான். பதினேழு வரி என்றான். விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தான். எனக்கு ஒரு கண் உருளை மேல், நான் எண்ணவில்லை.

மெஷின் மேலேயே வைத்துக் கையெழுத்து வரைந்தேன். தாள் சூடாகிவிட்டது.

மார்ச் 13, வெள்ளி

சாப்பாட்டு மேஜையில் என் பக்கத்து இரண்டு நாற்காலி காலி.

மார்ச் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெட்டையன் காலைக் கம்பியில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். ஆரஞ்சுப் பழத்தை வைத்தேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னப்பா?"

"வழி மூடியிருக்குன்னு பலகையில போட்டிருந்துச்சாம். வாத்தியார் வேண்டாம்னாராம். நீங்கதான் எனக்கு மலை தெரியும்னு இழுத்துக்கிட்டுப் போனீங்களாம். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களாமே."

"நான் எழுதினேனா? நானா?"

"கையெழுத்து உங்களுதுதான். பார்த்தவங்க சொன்னாங்க."

பஸ் பிடிக்காமல் நடந்தே வந்தேன். எவ்வளவு தூரம் என்று தெரியவில்லை.

மார்ச் 16, திங்கள்

ஆபீஸ் பெண்ணிடம் அந்தத் தாளுக்கு நகல் கேட்டேன். கொடுத்துவிட்டது. டிரைவரிடம் போனேன். அவன் போனைத் தாளுக்கு நேரே பிடித்தான். இந்த ஊர் எழுத்தைப் பார்த்து அது தமிழில் படிக்கிறது. அப்படியும் ஒன்று உண்டு என்று இதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லையே.

ஒரு பொம்பளைக் குரல். கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. "பாதை மூடப்பட்டுள்ளது என்ற பலகையை நாங்கள் பார்த்தோம். உடன் வந்தவர் தடுத்தும் கேளாமல், வயதில் மூத்தவன் என்ற முறையில் நானே அந்த வழியில் அழைத்துச் சென்றேன்."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். அதேதான். ஒன்பது வரிதான்.

பதினேழுன்னு சொன்னானே. இல்லாத எட்டு வரியை என் முகத்தைப் பார்த்துக்கிட்டே படிச்சானே.

டிரைவர் தாளை மடித்து என் பையில் வைத்தான். "டீ சாப்பிடுறீங்களா பெரியவரே?" என்றான். வேண்டாம் என்றேன். இருந்தும் வாங்கிக்கொண்டு வந்தான்.

மார்ச் 17, செவ்வாய்

ரூமில் வேறு யாரும் இல்லாதபோது கேட்டேன். தாளை அவன் கட்டிலில் வைத்தேன். "படி" என்றேன்.

அவன் தாளைத் தொடவில்லை. "எனக்கு இந்த ஊர் எழுத்து தெரியாதுண்ணே."

சிரிக்கிறான் என்று நினைத்தேன்.

"பதினோரு வருஷமா என்னடா படிச்சே?"

"தமிழ் மட்டும்தான் தெரியும். வந்த வாரமே வாத்தியார்னு பேர் வெச்சுட்டீங்க, அப்புறம் எப்படித் தெரியாதுன்னு சொல்றது? ஆபீஸ் தாளுன்னா அந்தப் பொண்ணுகிட்ட முன்னாலயே கேட்டுக்குவேன். மாத்திரைன்னா மருந்துக்கடையில கேட்பேன். தப்பா ஒண்ணும் சொன்னதில்லண்ணே. மலையில கேட்க ஆள் இல்லை."

அதுவரைக்கும் எனக்கு அவன் மேல் பாவமாகக்கூட இருந்தது. என்னவோ ஒரு வெட்கம், மறைத்துவிட்டான். ஆனால் இந்தத் தாள்? ஆபீஸ் பெண்ணிடம் வாயால் சொல்லி அடிக்க வைத்தது அவன். என் பேரில்.

"ஏன் என் பேரு?"

தலையணை உறையை இழுத்து விட்டுக்கொண்டே சொன்னான். "உங்களுக்கு வயசாச்சு. ஜூன்ல எப்படியும் அனுப்பிடுவாங்க. எனக்குப் பசங்க இன்னும் ஸ்கூல்ல இருக்காங்கண்ணே."

எப்படியும் போகப் போறவன். அதனால இவன் மேல போட்டா ஒண்ணும் இல்ல. இதையும் சொல்லிட்டு அண்ணேங்கிறான். எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி ஊத்தின கை அது. அந்தக் கைதான்— போதும்.

மார்ச் 18, புதன்

விரிப்பு இரண்டு கருகிவிட்டது.

மார்ச் 23, திங்கள்

மேனேஜரைப் பார்த்தேன். பேச இந்த ஊர்ப் பாஷை எனக்கு நன்றாகவே வரும். மலையடிவாரத்தில் வேன் நின்றதிலிருந்து ஆரம்பித்தேன். யார் முன்னால், யார் பின்னால், வாத்தியார் சொன்ன ஒவ்வொரு சொல், கயிறு என்ன நிறம், பலகைக்கு மேலே இருந்த மரத்தில் எத்தனை கிளை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இதெல்லாம் எப்படி ஞாபகம் இருக்கிறது?" என்றார். "எழுதி வைக்கத் தெரியாதுங்க. வேறே எங்க வைக்கிறது?" என்றேன்.

வாத்தியாரைக் கூப்பிட்டார். பழைய தாளை நீட்டி, "இதைப் படி" என்றார்.

அவன் வாங்கினான். நின்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

"நான் சொன்னதுதாங்க. அவர் இல்லை" என்றான் கடைசியில். இந்த ஊர்ப் பாஷை பேசத் தெரிந்தவன், அப்போது தமிழில்தான் சொன்னான். நான்தான் மேனேஜருக்கு மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது.

புதுத் தாள் அடித்தார்கள். போனில் காட்டி இரண்டு தடவை கேட்டேன். ஆபீஸ் பெண் கொட்டாவி விட்டது. பிறகுதான் போட்டேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஆஸ்பத்திரி. நெட்டையன், "உரிச்சுக் குடுங்க பெரியவரே, கை எட்டல" என்றான். பழத்தை உரித்துக் கொடுத்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

ஒரு வருஷம் கொடுத்துவிட்டார்கள். வாத்தியாரை அனுப்பவில்லை, எச்சரிக்கைத் தாளோடு விட்டார்கள். அவனுக்கு நான் எதிராகவும் சொல்லவில்லை, ஆதரவாகவும் சொல்லவில்லை. மகளிடம் சொன்னேன். "இன்னும் ஒரு வருஷமாப்பா?" என்றாள். அவள் குரலில் இருந்தது வருத்தமா நிம்மதியா? அதைப் படிக்க எந்தப் போனும் இல்லை.

ரூமில் யாரும் அவனிடம் தாள் கொண்டுபோவதில்லை. தமிழ்ப் பேப்பரை இப்போது வாய்க்குள் படிக்கிறான்.

ஏப்ரல் 11, சனி

சாயங்காலம் வாத்தியார் ஒரு தாளோடு என் கட்டில் பக்கம் வந்து நின்றான். "ஒண்ணுமில்லண்ணே. வேற ரூம் மாத்திக் கேட்டிருக்கேன். கூட இருக்கிறவங்க எல்லாரும் கையெழுத்துப் போடணுமாம்."

மற்றவர்கள் போட்டிருந்தார்கள். பேனாவைத் திறந்தே வைத்திருந்தான்.

நான் போனை எடுத்தேன். தாளைக் கட்டிலில் விரித்து, சுருக்கத்தை நீவிவிட்டு, நேராகப் பிடித்தேன். அந்தப் பொம்பளைக் குரல் முதல் வரியிலிருந்து படித்தது. அறை எண், கட்டில் எண், காரணம்: சொந்த விருப்பம். அவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவ்வளவு நேரமும் நின்றான். ஒரு தடவை போதும்தான். நான் இரண்டாம் தடவையும் போட்டுக் கேட்டேன்.

அவன் சொன்னதுதான் இருந்தது. வேறே ஒன்றும் இல்லை.

போட்டுக் கொடுத்தேன்.