தொட்டியில் மிச்சமிருந்த பெட்ரோல்

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்று இரவு காற்று திரும்பி ஏரிப் பக்கமிருந்து வீச ஆரம்பித்தது. பதினோரு அங்குலம் பனி. விடிகாலை நான்குக்கு லாரியில் ஏறியவன் மதியம் இரண்டுக்குத்தான் இறங்கினேன். மாவட்டச் சாலைகளில் பனி தள்ளுவது இது இருபத்தாறாவது குளிர்காலம். இடுப்புக்கு அது தெரிகிறது.

வீட்டுக்கு வந்தால், சலூனாக வைத்திருக்கும் முன்னறையில் என் மனைவி நோரீன் பக்கத்து வீட்டு எல்னாவுக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரியை நிறுத்தாமலே ஆரம்பித்தாள். "ஊருக்கெல்லாம் வழி பண்ணிக் குடுக்கிற. நம்ம வாசல்ல மட்டும் மலையைக் குவிச்சிட்டுப் போற. ஏன் ஆர்வோ, என் மேல என்ன கோபம் உனக்கு?"

கோபமெல்லாம் இல்லை. லாரியின் தகடு ஒதுக்கும் பனி எல்லார் வாசலையும்தான் அடைக்கிறது. எங்கள் வீட்டருகே மட்டும் நான் தகட்டைத் திருப்பினால் பத்து நிமிடத்தில் ஆபீசுக்குப் போன் போய்விடும். இந்த ஊரில் லாரி ஓட்டுபவன் தன் வாசலை மற்ற வாசல்களைவிட ஒரு பிடி கூடவே அடைத்துவிட்டுப் போவான். அப்போதுதான் பேச்சு வராது.

பிறகு, வாசல் பனியைத் தள்ள எந்த மெஷின் என்ற அந்தப் பழைய பாட்டு. பாட்டரி மெஷின். "பொத்தானை அமுக்கினா ஓடுது. உன் பூதத்துக்குப் பத்து தடவை கயிறு இழுக்கணும். அப்புறம் நாள் முழுக்கக் கத்தரி பிடிக்க முடியல." எல்னாவும் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். தலையாட்டியதில் காது போயிருக்கும்.

பெட்ரோல் பெட்ரோல்தான். லாரி குவிப்பது பஞ்சு இல்லை, உப்பும் தண்ணீரும் சேர்ந்த சிமெண்டு. பாட்டரி பாதியில் படுத்துக்கொள்ளும். போன வருஷம் கடையில் வைத்தே சொல்லிவிட்டேன், "இது பனி தள்ற மெஷின் இல்ல நோரீன், உன் முடி வெட்டற மெஷினோட தங்கச்சி." கடைக்காரர்கூடச் சிரித்தார். மறுநாளே என்னோடு வேலை செய்யும் டுவெயினிடம் இந்தப் பெட்ரோல் மெஷினைப் பழைய விலைக்கு வாங்கினேன். எட்டுக் குதிரைச் சக்தி. சந்திரனுக்கே பனியை எறியும்.

டிசம்பர் 5, வியாழன்

மெஷினை ஓட்டிப் பார்த்தேன். ஆறாவது இழுப்பில் பிடித்தது, கொஞ்சம் இருமியது. குளிர்தான்.

டிசம்பர் 10, செவ்வாய்

நோரீன் விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு. இரண்டு இடத்தில் முறிவு. நாளைக் காலை அறுவை செய்து எலும்பில் தகடு வைத்துத் திருகப் போகிறார்கள். கத்தரி பிடிக்கிற கை.

டிசம்பர் 11, புதன்

அறுவை முடிந்தது. தூங்குகிறாள். நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நடந்ததை எழுதிவிடுகிறேன், யாரிடமும் சொல்ல முடியவில்லை. நேற்றுக் காலை எட்டரை இருக்கும், எங்கள் தெருவில் இரண்டாவது நடை போனேன். மெஷின் கார் போகும் வழியில் நின்றுகொண்டிருந்தது. நோரீன் கையில் பனி அள்ளும் ஷவல். வாசல் கரையில் குத்திக்கொண்டிருந்தாள், நான் ஆறு மணிக்குக் குவித்துவிட்டுப் போன பனிக் கரை. எனக்கு என்ன தோன்றியது? வீம்பு பிடிக்கிறாள் என்று தோன்றியது. மெஷின் இருக்கும்போது ஷவலால் அள்ளி எனக்குப் பாடம் காட்டுகிறாள் என்று. ஹாரன் அடித்தேன். ரெண்டு தடவை. சிரித்துக்கொண்டே. அவள் ஷவலைத் தூக்கி என்னை அடிக்கிற மாதிரி காட்டினாள். தகட்டில் இருந்த பனி மறுபடி வாசலில் விழுந்தது. போய்விட்டேன்.

அதற்குப் பிறகு கால் மணி நேரத்தில் விழுந்திருக்கிறாள். எல்னாதான் பார்த்து ஓடி வந்தாளாம்.

ஏன் ஷவல் என்று கேட்டேன். "மெஷின் பிடிக்கல ஆர்வோ. இருபது தடவை இழுத்தேன். ஒன்பது மணிக்கு முடி வெட்டிக்க ஒரு அம்மா வரேன்னு சொல்லியிருந்தாங்க, வழி வேணும்ல."

மெஷின் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாதென்று இங்கேயாவது எழுதாமல் இருக்கிறேன்.

டிசம்பர் 12, வியாழன்

எந்த மெஷின் வைத்திருந்தாலும் ஒவ்வொரு ஏப்ரலிலும் கடைசிப் பனிக்குப் பிறகு தொட்டி காலியாகும்வரை மெஷினை ஓட்டி அணைப்பேன். இங்கே பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த வேலை இது. பெட்ரோலை உள்ளேயே விட்டால் கோடையில் அது கெட்டு, பிசுபிசுத்து, கார்புரேட்டரை அடைத்துவிடும். இந்த ஏப்ரலில் அன்றைக்குத்தான் ஆற்றில் மீன் ஏறுகிறது என்று டுவெயின் கூப்பிட்டான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வலையை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அந்த நாளை நவம்பரில்தான் வந்தது. மூடியைத் திறந்தேன், கெட்டுப்போன பெட்ரோலின் வார்னிஷ் வாடை. மூக்கு சரியாகத்தான் சொன்னது. ஒரு மணி நேரம் கழற்றிச் சுத்தம் செய்யச் சோம்பல். பழசின் மேல் புதுசை ஊற்றி மூடிவிட்டேன்.

காலையில் அவளைக் கூட்டிவரும் முன்பு ஷெட்டில் அதைக் கழற்றினேன். உள்ளே தேன் மாதிரி மஞ்சளாக. மெல்லிய கம்பியால் குத்தி, கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றி மாட்டினேன். ஏன் அவ்வளவு அவசரம்? அவள் வரும்முன் வழியைச் சுத்தம் செய்ய, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பொய். தடயத்தை அழித்தேன்.

நேரம் போதவில்லை, வாசல் கரை பாக்கி நின்றது. அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு வெளியே போய்க் கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் பிடித்தது. திரும்பி உள்ளே வந்தபோது அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஒரே இழுப்பா? அப்போ தப்பு என்னுதுதான். நான்தான் என்னமோ சரியாப் பண்ணல."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட. வந்தது இது: "விடு, குளிர்ல கயிறு இழுக்கறதுக்கு முன்னாடி சோக்கைத் திருப்ப மறந்திருப்ப. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

எவ்வளவு இலகுவாக வந்தது.

டிசம்பர் 16, திங்கள்

வலிக்கிறதா என்று கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்கிறாள். மாத்திரையைக்கூட நான் பார்க்காதபோதுதான் போட்டுக்கொள்கிறாள்.

டிசம்பர் 20, வெள்ளி

வேட்டைச் சங்கக் கூடத்தில் வாராந்திர மீன் விருந்து. எல்லாரும் கையிலிருந்த கட்டைப் பார்த்துக் கேட்க, நோரீன் கதை சொன்னாள். நன்றாகவே சொன்னாள், நடித்துக் காட்டினாள். தான் கயிறு இழுத்த விதம், மெஷினைக் கெஞ்சியது, திட்டியது, காலால் உதைத்தது. "கடைசில பார்த்தா அம்மணி சோக்கைத் திருப்பவே இல்ல! இவர் வந்தார், ஒரு இழுப்பு, பூனைக்குட்டி மாதிரி கிடக்குது." கூடமே சிரித்தது.

டுவெயின் மேசையைத் தட்டினான். "அந்த மெஷின் என்கிட்ட பதினாலு வருஷம் இருந்தது நோரீன், ஒரு நாள் தகராறு பண்ணல. கை ராசி வேணும்!"

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு எனக்கே கேட்டது.

டிசம்பர் 23, திங்கள்

கிறிஸ்துமஸுக்கு முடி திருத்த வரவேண்டிய பதினாலு பேரையும் நோரீனே போன் போட்டு வேறு கடைக்கு அனுப்பினாள். ஒவ்வொருவரிடமும் அதே கதை. சோக். சோக். சோக். சமையலறையில் நின்று பதினாலு தடவையும் கேட்டேன். சொல்லச் சொல்ல அவளுக்கே அது நடந்ததாக ஆகிவிட்டது.

டிசம்பர் 28, சனி

வேலை முடிந்து அந்த மெஷின் கடைக்குப் போனேன். பாட்டரி மெஷின் அதே மூலையில்தான் இருக்கிறது. ரொம்ப நேரம் அதன் முன்னால் நின்றேன். வாங்கிக்கொண்டு போனால் ஏன் என்று கேட்பாள். வெறுங்கையோடு வந்துவிட்டேன். நீ ஒரு மனுஷனா ஆர்வோ?

ஜனவரி 2, வியாழன்

ஷெட்டில் சத்தம் கேட்டுப் போனேன். நோரீன். இடது கையால் கயிறு இழுத்துக்கொண்டிருந்தாள். மெஷினில் சோக் குமிழுக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது, இடது கையால் எழுதிய கோணல் எழுத்து: முதலில் இது. முட்டாளே, முதலில் இது.

"பழகிக்கறேன்" என்றாள், மூச்சு வாங்க. "அடுத்த பனிக்கு நீ என்னை நம்பி லாரி ஏறணும்ல."

எனக்குத் தாங்கவில்லை. காகிதத்தைக் கிழித்தேன். சொல்லிவிட்டேன். நின்ற இடத்திலேயே, ஏப்ரலிலிருந்து. மீன் பிடிக்கப் போனது, வார்னிஷ் வாடை, பழசின் மேல் புதுசு, கழற்றிக் கழுவியது. சோக்கில் ஒரு தப்பும் இல்லை என்பது. எனக்கு அன்றைக்கே தெரியும் என்பது.

அவள் கயிற்றின் கைப்பிடியை மெதுவாக விட்டாள். "மூணு வாரம்" என்றாள். "மூணு வாரமா என்னை நானே திட்டிட்டிருக்கேன் ஆர்வோ. பக்கத்துல உக்கார்ந்து பார்த்துட்டிருந்தியா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஜனவரி 4, சனி

உப்பு எங்கே என்று கேட்டேன், கையால் காட்டினாள்.

ஜனவரி 6, திங்கள்

எல்னாவின் காரில் நோரீன் மெஷின் கடைக்குப் போய்வந்தாள். நான் கூப்பிட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். எல்னாதான் வாசலில் நின்று எனக்குச் சொன்னது: கடைக்காரரை ஒரு மணி நேரம் உரித்து எடுத்துவிட்டாளாம். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரியில் பாட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், எவ்வளவு ஆழப் பனி எடுக்கும், ஒற்றைக் கையால் திருப்ப முடியுமா. கடை முற்றத்தில் ஓட்டிப் பார்த்துத்தான் பாட்டரி மெஷினை எடுத்தாளாம். நான் ஒரு மெஷின் வாங்க ஐந்து நிமிடம்கூட யோசித்ததில்லை. பனி விழுகிற நாளில் நான் வீட்டிலேயே இருப்பதில்லை. ஓட்டப்போகிறவள் அவள். ஒரு தடவையாவது அவளைக் கேட்டு வாங்கினேனா?

பாட்டரிகளை வீட்டுக்குள் வெதுவெதுப்பாக வைக்க வேண்டுமாம். முன்னறையில் முடி உலர்த்தும் மெஷின்களுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறாள்.

மாலையில் நாலு நாளில் முதல் முழு வாக்கியம்: "வாசக்கரைக்கு இது பத்தாது. நீ சொன்னது சரி. அதுக்கு உன் பூதம் இருக்கட்டும், நீயே வேலை முடிஞ்சு வந்து எடு. அதுவரைக்கும் கரை அப்படியே கிடக்கும்."

நான் சரி என்று அவள் சொன்ன அந்த இடம்தான் ரொம்பச் சுட்டது.

ஜனவரி 8, புதன்

ஏழு அங்குலம். லாரியிலிருந்து பார்த்தேன். இடது கையால் ஓட்டிக்கொண்டு போகிறாள். ஹாரன் அடிக்கவில்லை. அவளும் திரும்பவில்லை.

ஜனவரி 10, வெள்ளி

மீன் விருந்துக்குக் கிளம்பும்போது கேட்டாள். "என்கிட்ட சொல்லிட்ட. ஊர் முழுக்க என்னைப் பார்த்துச் சிரிச்சதே, அவங்ககிட்ட யார் சொல்வா?"

கூடத்தில் எழுந்து நின்றேன். கரண்டியால் கோப்பையைத் தட்டினேன். நோரீனிடம் தப்பில்லை, ஏப்ரலில் நான் தொட்டியைக் காலி பண்ணவில்லை, பழைய பெட்ரோல், அதான் பிடிக்கவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு கூரையைப் பிளந்தது. டுவெயின் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "டேய், இருபத்தாறு வருஷமா பனி தள்றவன்டா நீ! மாவட்டத்துக்கே அவமானம்!" எவனோ எனக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான். மறந்துபோய் மாட்டிக்கொண்ட ஆண்கள் எத்தனை பேர், ஆளுக்கொரு கதை. முதுகில் தட்டல்கள். மனசு லேசாகிவிட்டது என்று நினைத்தேன்.

காரில் நோரீன் சொன்னாள்: "பெட்ரோலைச் சொன்ன. சோக்கைச் சொல்லல."

ஜனவரி 13, திங்கள்

சரியாகத்தான் சொல்கிறாள். மறதிக்கு ஊரே மன்னிப்புக் கொடுக்கும், பீரும் கொடுக்கும். அதனால்தான் அதை மட்டும் சொன்னேன்.

ஜனவரி 17, வெள்ளி

கூடத்தில் மறுபடி எழுந்தேன். "போன வாரம் பாதிதான் சொன்னேன்" என்றேன். இப்போதே சிலர் சிரிக்கத் தயாரானார்கள். கார்புரேட்டரைக் கழுவி வைத்ததைச் சொன்னேன். தப்பு என்னுதுதான் என்று அவள் சொன்னதை, எனக்கு உண்மை தெரிந்தும் நீ சோக்கை மறந்திருப்பாய் என்று நான் சொன்னதைச் சொன்னேன். "இதே இடத்துல அவ தன்னைத் தானே கேலி பண்ணிக்கிட்டா. அன்னைக்கு நானும் உங்களோட சேர்ந்து சிரிச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. டுவெயின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்னா என்னை நேராகப் பார்த்தாள், அந்தப் பார்வையை இனி நோரீன் அவளுக்கு முடி வெட்டும் நாளெல்லாம் கண்ணாடியில் பார்க்க வேண்டியிருக்கும். பீர் ஏதும் வரவில்லை. உட்கார்ந்தேன்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் நோரீன், "கை வலிக்குது" என்றாள்.

விழுந்த நாளிலிருந்து இதை என்னிடம் சொன்னதில்லை. "எங்க?" என்றேன். ஆரம்பித்துவிட்டாள். ராத்திரி தூங்க முடியவில்லை, விரல் மரத்துப்போகிறது, மறுபடி கத்தரி பிடிக்க முடியுமா தெரியவில்லை, பதினாலு பேரில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள், எல்லாம் ஒரு வலை மீனுக்காக, அந்த மீன்கூட எலும்புதான், அந்த ஹாரனை யார் அடிக்கச் சொன்னது, முடி வெட்டற மெஷினோட தங்கச்சியா, கடைக்காரர் முன்னாடி எப்படி இருந்திருக்கும் எனக்கு, நீயும் உன் டுவெயினும் உன் பூதமும்.

பாலத்தைத் தாண்டி, மலையேறி, வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.