ஆண் கை தொட்ட உறை

1. இதை எழுதுபவன் தங்கள் இளைய மகனும், காலஞ்சென்ற லிநேயோவின் கணவனும், ஜோகன்னஸ்பர்க்கில் வழக்கறிஞராகப் பணிபுரிபவனுமாகிய தெபெலோ மொகொரோசி.

2. உடல்நலத்துடனும் தெளிந்த அறிவுடனும் எழுதுகிறேன்.

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறேன்.

லிநேயோவின் ஆண்டு நினைவுக்குப் பீர் காய்ச்ச ஆண் கை ஆகாது என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். ஆயினும் நானே தொடங்கினேன். கடைப் பீரை அவள் வாயில் வைத்தவளல்லள். முளைகட்டிய சோளமாவைக் கூழாக்கி, பக்கத்து வீட்டு மமோஹாவ் அக்கா தந்த பழைய பீர் வண்டலை உறையாக ஊற்றினேன். மறுநாளும் நுரைக்கவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தார். "உறை செத்துப்போச்சு தம்பி! ஆம்பள கை பட்டா அப்படித்தான். பேசாம கடையில வாங்கு."

"கூழு கொதிக்கக் கொதிக்க இருந்துச்சுக்கா. சூடுதான் கொன்னுச்சு. என் கை என்ன பண்ணுச்சு?"

"வக்கீலு, அடுப்புகிட்டயுமா வாதாடுற?"

மீண்டும் வண்டல் வாங்கினேன். இம்முறை கூழை மணிக்கட்டு பொறுக்கும் அளவுக்கு ஆறவிட்டு, அதே கையால் கலந்து, துணியால் தளர்வாக மூடினேன். இன்று காலை நுரை துணியைத் தூக்கி நிற்கிறது.

ஆகவே குற்றம் சூட்டினுடையது; கையினுடையதன்று. சனிக்கிழமை நினைவுநாளில் அவளுக்குப் படைக்கும் முதல் குவளையை நானே மண்ணில் ஊற்றுவேன். தாங்கள் தடுத்தாலும் ஊற்றுவேன்.

பீர் வடிக்க அவள் பின்னிய, தங்களிடமுள்ள புல் வடிகட்டியை அனுப்பிவையுங்கள். இங்கும் வடிகட்டி கிடைக்கும். எனக்கு அதுதான் வேண்டும். கடிதம் கொண்டுவரும் டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

ஒப்பம்: தெபெலோ மொகொரோசி

சாட்சிகள்:
த்சோலோ, மமோஹாவின் கணவர்.
மமோஹாவ். "நுரையப் பார்த்தேன். மத்தத குடிச்சுப் பார்த்துத்தான் சொல்லுவேன்."